அமுக்காத கம்பி

எங்கள் தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சியம்மா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் எதையாவது இடம் மாற்றுவார். தொழிலாளர் லயத்தில், பிரசவத்துக்குப் போன ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்புப் புகைக்கு நேரே கிடக்கும் கட்டிலை வாசல் பக்கம் இழுக்கச் சொல்வார். உயரத்தில் தொங்கும் விளக்கை இறக்கி வைப்பார். தலைமாட்டில் நின்று ஓயாமல் புத்தி சொல்லிக்கொண்டிருக்கும் மாமியாரைக் கால்மாட்டுக்கு அனுப்புவார். கிழவியை வெளியே அனுப்பிவிட்டால் என்ன என்று யாராவது கேட்டால், "அவங்களும் இருக்கணும்ங்க. அந்த இடத்துல இருக்க வேணாம், அவ்வளவுதான்" என்பார்.

இந்தப் பழக்கத்தால் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வீட்டு அலமாரியை அவர் நகர்த்தச் சொன்னதில் அந்த வீட்டு அம்மாவுக்கு வெகு நாள் கோபம். நான் வாத்தியாராக இருந்த தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதல் வந்தபோதும் அப்படித்தான். பிள்ளைகளின் தலையில் பேன் பார்க்க வந்தவர், கரும்பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மாற்றிப் பார்த்தேன். பின் வரிசைப் பிள்ளைகள் அன்றுதான் கண்ணைச் சுருக்காமல் எழுத்தைப் படித்தார்கள்.

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருந்த தோட்டம் அது. நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். வேலைக்கு வந்த நாளில் லொறியிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் கம்பளியில் சுற்றிய ஒரு பெரிய பொருளும் இறங்கின. பிள்ளையைத்தான் சுற்றிக் கொண்டு வந்திருக்கிறார் என்று லயத்துப் பெண்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது கிட்டார்.

அவருடைய அப்பா நுவரெலியாவில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்தவர். ஏப்ரல் மாதத்தில் துரைமாரின் நடனத்துக்கு வாசிக்கக் கொழும்பிலிருந்து வரும் கோஷ்டியில் ஒரு கிட்டார்காரர், ஓட்டலுக்குப் பின்னால் இருந்த இவர்கள் வீட்டில்தான் தங்குவாராம். பகல் முழுக்க அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்து இவர் கற்றுக்கொண்டது. ஒரு வருடம் அவர் கிட்டாரை விட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் வந்த கோஷ்டியில் அவர் இல்லை. இதற்கு மேல் மருத்துவச்சியம்மா தன்னைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது ஆர்மோனியத்தால். தோட்டத்தில் ஆர்மோனியம் ஒன்றுதான் இருந்தது, வாசிக்கத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். அதனால் மார்கழி பஜனைக்கும் நான், மாதா கோயில் பாட்டுக்கும் நான். ஒரு நாள் பிற்பகல், மழைக்கு ஒதுங்கி ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றேன். பிரசவ அறையில் யாரும் இல்லாத நாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கிட்டாரை மீட்டிக்கொண்டிருந்தார். நல்ல நிறைவான ஒரு சேர்க்கை. ச, க, ப மூன்றும் ஒன்றாக ஒலிப்பது. எங்களுக்கும் தெரிந்ததுதான். அடுத்த தடவை மீட்டியபோது அதில் ஏதோ ஒன்று இறங்கியது.

"விரல் வழுக்கிடுச்சுங்களா?" என்றேன்.

"வழுக்கலீங்க மாஸ்டர். நானாத்தான் எடுத்தேன்" என்றார்.

பிறகு கிட்டாரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "மூணு விரல் வெச்சா ச, க, ப. ச ரெண்டு இருக்கு, கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. இப்ப ஆள்காட்டி விரலை எடுக்கிறேன். இந்த ரெண்டாவது கம்பியை யாரும் அமுக்கல. மேல இருந்த ச அரைப்படி எறங்கி நி ஆயிடுச்சு. கீழ இருக்கிற ச அப்படியே இருக்கு. இதுக்கு மேஜர் செவன்னு பேரு. அந்த கிட்டார்காரர் சொல்லுவாரு."

வீட்டுக்கு வந்ததும் ஆர்மோனியத்தை எடுத்து ச-வையும் அதை ஒட்டிக் கீழே இருக்கும் நி-யையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. மறுநாள் வழியில் கண்டு அதைச் சொன்னேன். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கடிக்குதுங்க என்றேன். அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அவரே வந்துவிட்டார்.

"பக்கத்துல பக்கத்துல வெச்சா கடிக்கத்தான் செய்யும். ச-வைக் கீழ கொண்டு போயிக் கட்டை விரல்ல பிடிங்க. நடுவுல க-வும் ப-வும் உக்காரட்டும். இப்ப சுண்டு விரலால நி-யைத் தொடுங்க."

தொட்டேன். அதே இரண்டு சுரங்கள்தான். கடிக்கவில்லை. எங்கள் மலையில் விடியலில் மூடுபனி விலகும்போது வெயில் முதலில் எதிர்மலையில் விழும். நம் மேல் இன்னும் விழாது. ஆனாலும் குளிர் குறைந்த மாதிரி இருக்கும். அந்தச் சேர்க்கை எனக்கு அப்படிக் கேட்டது.

"இப்ப கட்டை விரலை மட்டும் எடுங்க" என்றார்.

ச போனதும் க, ப, நி மூன்றும் துக்க வீட்டில் இருப்பதுபோல் ஆகிவிட்டன. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நேரமும் அந்தச் சோகம் உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

"திரும்ப வைங்க. அழுதுகிட்டு இருக்கிற ஆளுக்குக் கீழ யாரோ பாய் விரிச்ச மாதிரி இல்லீங்களா?"

அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. இசையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் இப்படி ஒன்று வரும். உடனே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த வருடமே நடந்த இன்னொன்று. பீலியில் தண்ணீர் பிடிக்கும் தகராறில் பேச்சு விட்டுப்போன இரண்டு பெண்களுக்கு ஒரே வாரத்தில் பிரசவம். ஆஸ்பத்திரியில் பிரசவ அறை ஒன்றுதான், கட்டில் நான்கு. இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, பிள்ளை பெற்ற களைப்பையும் மறந்து, ஏசிக்கொண்டே இருந்தார்கள். மருந்து கொடுக்கும் ஐயா ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். மருத்துவச்சியம்மா ஒருத்தியை இந்தக் கோடிக்கும் இன்னொருத்தியை அந்தக் கோடிக்கும் மாற்றி, நடுவில் வேறு இரண்டு பெண்களைப் படுக்க வைத்தார். சாயங்காலம் இந்தக் கோடியிலிருந்து பெருங்காயம் நடுக்கட்டில்கள் வழியாக அந்தக் கோடிக்குப் போனது. நேரே பேசிக்கொள்ளவில்லை. "அவளுக்கு வயிறு பொருமுதாம், குடுங்க" என்று இவள் பக்கத்துக் கட்டிலிடம் சொன்னாள். வீட்டுக்குப் போகும் நாளில் இரண்டு குழந்தைகளும் ஒரே சால்வையில் கிடந்தன.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே முடிந்ததில்லை. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் சவரிமுத்துவின் மனைவி, எங்கள் கோயில் பாட்டுக்குழுவில் நன்றாகப் பாடுகிறவள், தலைப்பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை. மருத்துவச்சியம்மா பக்கத்தில் இருந்தும், அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வந்து நின்றும், இரத்தம் நிற்கவில்லை. அடக்கத்துக்கு அவர் வந்து எல்லோருக்கும் பின்னால் நின்றார். லயத்தில் ஒருவர் இருவர் ஏதோ முணுமுணுத்தார்கள். சவரிமுத்து யாரிடமும் பேசுவதையே விட்டுவிட்டான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்பான். சில நாள் மலைக்கு வேலைக்குப் போவான், சில நாள் அங்கிருந்தே காம்பராவுக்குத் திரும்பிவிடுவான். குழந்தையை அவனுடைய அக்கா அந்தோணியம்மா தன்னோடு கீழ் லயத்துக்குக் கொண்டுபோய் வளர்த்தாள். குட்டி, குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவன் அந்த லயத்துப் பக்கமே போகமாட்டான்.

மருத்துவச்சியம்மாவும் பல மாதம் கிட்டாரைத் தொடவில்லை. ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "நான் போனப்ப அவ நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தா மாஸ்டர். என்னென்ன செய்யணுமோ எல்லாம் செஞ்சேன். அதுக்கு மேல எனக்குத் தெரியல." லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றல் கேட்டிருப்பதாகவும் மாதா திருநாள் முடிந்ததும் கிளம்பிவிடப் போவதாகவும் சொன்னார். எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி வைத்தே சமாளிக்கிறவர், தன்னை மட்டும் அடியோடு எடுத்துவிட நினைத்தார். போகிற வரைக்குமாவது வந்து வாசியுங்கள் என்று கேட்டேன். வந்தார்.

பாட்டுப் பயிற்சி என் பள்ளிக்கூடத்தில், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு நடக்கும். எட்டுப் பத்துப் பெண்கள், இரண்டு மூன்று ஆண்கள். திருநாளுக்கு முந்திய மாதத்தில் ஒரு நாள் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே சவரிமுத்து வந்து கதவருகில் நின்றான். யாரும் கூப்பிடவில்லை. நேராக நடந்து ஜன்னல் பக்கம், அவன் மனைவி எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றான். பெண்கள் விலகி இடம் கொடுத்தார்கள். மருத்துவச்சியம்மாவின் கை கிட்டாரில் அப்படியே நின்றுவிட்டது. நான் ஆர்மோனியத்தை விடாமல் வாசித்தேன்.

அவன் பாடினான். பாடினான் என்பதா? ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டு ஏறினாலும் அங்கேதான், இறங்கினாலும் அங்கேதான். அதுவும் எங்கள் சுருதிக்கு அரைப்படி கீழே. வரி முடிந்து எல்லோரும் ச-வில் வந்து நிற்கும்போது அவன் குரல் பக்கத்தில் நின்று இழுக்கும். அடுத்து நின்ற பெண்களின் குரலும் சேர்ந்து சரியும். முதல் நாள் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் சிரித்தார்கள். அதற்கடுத்த வாரம் உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சாமியார் அட்டனிலிருந்து மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயிலை நடத்துகிறவர் இந்த உபதேசியார்தான். கெட்ட மனிதர் இல்லை, கண்டிப்பானவர்.

"மாஸ்டர், அவன் பாவம்தான். அதுக்காக திருநாள் அன்னைக்கு மானத்தை வாங்க முடியுங்களா? பெஞ்சுல உக்காந்து கேக்கட்டும். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் சொல்லத்தான் நினைத்தேன். போகும் வழியில் மருத்துவச்சியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாதையிலேயே நின்றுவிட்டார்.

"அவரு கொரலு ஆடவே இல்லையே, கவனிச்சீங்களா?" என்றார்.

"யாருங்க?"

"சவரிமுத்து. நீங்க சொல்ற மாதிரி சுருதி தெரியாத ஆளுன்னா அங்கயும் இங்கயும் அலையணும். இவரு தினமும் அதே எடத்துல நிக்கிறாரு. அது என் ரெண்டாவது கம்பி மாஸ்டர். ஒண்ணும் அமுக்காம விட்டா வருமே, அதேதான். நி."

அடுத்த பயிற்சியில் அவர் எல்லோருடைய இடத்தையும் கலைத்தார். வரி முடிவில் ஒரு பெண்கூட ச-வில் வந்து நிற்கக் கூடாது என்றார். பாதிப் பேர் க-வில் நிற்கவேண்டும், பாதிப் பேர் ப-வில். ச-வை நான் ஆர்மோனியத்தில் நன்றாகக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்: "ஒரு ஆளுக்காக நாங்க பத்துப் பேரும் மாறணும்ங்களா?"

"நீங்க மாறுவீங்க. உங்களால முடியும்" என்றார். "அவரால முடியாது."

பிறகு முதன்முதலாக அவன் முன்னால் போய் நின்றார். அத்தனை மாதமும் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதில்லை. கிட்டாரின் இரண்டாவது கம்பியை மட்டும் தட்டினார்.

"இதுதாங்க உங்க சுரம். இதை மட்டும் பாடுங்க. பாட்டு முழுக்க வேணாம். வரி முடியிறப்ப நான் தலையாட்டுவேன், அப்ப மட்டும்."

அவன் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சரியாக வரவில்லை. பெண்கள் பழைய வழக்கத்தில் ச-வுக்கே போனார்கள். க-வில் நிற்க வேண்டியவர்கள் ப-வுக்குத் தாவினார்கள். அவர் தலையாட்டும் முன்பே அவன் ஆரம்பித்தான். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கடைசி வரியில் மட்டும், ஏதோ தற்செயலாக, எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். நான் ச-வைப் பிடித்திருந்தேன். அதன்மேல் பெண்கள். உள்ளே அவன் குரல். அவ்வளவு நாளும் பலகையில் துருத்திக்கொண்டு நின்ற ஆணி மாதிரி இருந்த அந்தக் குரல்தான் இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது. பாடி முடித்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி கேட்டவள்தான், "இன்னொருக்கா பாடுவோங்களா?" என்றாள்.

உபதேசியார் கேட்க வந்தார். கேட்டு முடித்ததும் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாட்டு முடிஞ்ச மாதிரி இல்லையே. இன்னும் ஏதோ வரப்போறாப்ல அந்தரத்துல நிக்குதே."

"நிக்கட்டுமேங்க" என்றார் மருத்துவச்சியம்மா.

"பாட்டுன்னா முடியணும்மா."

"அவரு பாடுறாரே, அது போதாதுங்களா?"

உபதேசியார் ஜன்னல் பக்கம் நின்ற சவரிமுத்துவைப் பார்த்தார். கடைசிப் பாட்டுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

திருநாள் காலையில் கோயில் நிறைந்து வெளியே தேயிலை வரிசை வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். முருகன் கோயில் பூசாரிகூட வந்திருந்தார். நாங்கள் பக்கச் சுவரை ஒட்டி நின்றோம். அந்தோணியம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால், சவரிமுத்துவுக்கு நேர் பின்னால் வந்து நின்றாள். வேறு இடம் இல்லாததாலா, வேண்டுமென்றேதானா என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னதுமில்லை.

கடைசிப் பாட்டு. கடைசி வரி. மருத்துவச்சியம்மா ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டுத் தலையாட்டினார். பெண்கள் க-வில் நின்றார்கள், ப-வில் நின்றார்கள். அவன் நி-யில் நின்றான். பெண்கள் மூச்சு முடிந்து நிறுத்தினார்கள். நானும் துருத்தியை விட்டுவிட்டேன். அவன் நிறுத்தவில்லை. அவனுக்கு மூச்சு இருந்தது. கோயில் முழுக்க அந்த ஒரே சுரம் தனியாக நின்றது. முடிந்த பிறகும் யாரும் அசையவில்லை. இன்னும் ஒரு அடி பாட்டு இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். சாமியாரும் ஆசீர்வாதத்துக்குக் கையைப் பாதி தூக்கியபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். உபதேசியார் எனக்குச் சைகை காட்டினார், ச-வை வாசித்து முடித்துவிடச் சொல்லி. நான் மருத்துவச்சியம்மாவைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் கண் வேறெங்கோ இருந்தது. குழந்தை அத்தையின் இடுப்பிலிருந்து எட்டி, சவரிமுத்துவின் காதைப் பிடித்திருந்தது. அவன் விலக்கவில்லை. திரும்பவும் இல்லை. அப்படியே நின்றான். கடைசியில் சாமியார் தானாகவே ஆசீர்வாதத்தை ஆரம்பித்தார்.

வெளியே தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து கோப்பையை வாங்காமல் மருத்துவச்சியம்மாவிடம் வந்தான். நான் பக்கத்தில் கிட்டாருக்குக் கம்பளி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, புள்ளைக்குப் பேரு வெச்சீங்களாமே. அக்கா சொல்லிச்சு. என்ன பேருன்னு நான் கேக்கவே இல்ல."

மருத்துவச்சியம்மாவின் முகம் மாறிவிட்டது. "பொறந்தப்ப மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சுங்க. சாமியார் வர்ற வரைக்கும் தாங்காதுன்னு நானே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தேன். உங்க சம்சாரம் ஒரு பக்கம், புள்ளை ஒரு பக்கம். பேரு யோசிக்க நேரமில்ல. வாயில வந்தது எம்பேருதான்." என் கையிலிருந்த கம்பளியை வாங்கிக்கொண்டார். "உங்களுக்குப் பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்ங்க. சாமியார்கிட்ட நான் சொல்றேன்."

"வேணாம்மா" என்றான். பிறகு, "அவ போறப்ப நீங்க கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்தீங்களாமே" என்றான்.

"ஆமாங்க."

அவன் போய் அந்தோணியம்மாவிடம் கையை நீட்டினான். குழந்தை முதலில் வரமாட்டேன் என்று அழுதது. அவன் காத்துக்கொண்டு நின்றான்.

மாற்றல் உத்தரவு வந்தது. மருத்துவச்சியம்மா மாற்றல் போடும் பெரிய டாக்டரைப் பார்த்துப் பேசி அதை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் செய்தார். காரணம் எங்களிடம் சொல்லவில்லை. திரும்பி வந்த அன்று ஆஸ்பத்திரி மருந்து மேசையைச் சுவர் பக்கம் நகர்த்த ஆள் கேட்டார்.

கொஞ்ச நாளில் சவரிமுத்து மகளைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். பகலில் அவள், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருப்பாள். வேலை விட்டதும் அவன் கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகியபடி நேரே அங்கேதான் வருவான். அடுத்த வருடம் ஒரு சாயங்காலம், மருத்துவச்சியம்மாவும் நானும் அதன் முன்னால் போகும் பாதையில் பேசிக்கொண்டு வந்தோம். எங்களுக்கு முன்னால் குழந்தைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தன. மேலே தேயிலைச் சரிவிலிருந்து சவரிமுத்து, மகளை அந்த ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டான். அவன் குரலில் ஒரு சுரத்துக்கு மேல் இருந்தது.

குழந்தை எழுந்து ஓடியது. மருத்துவச்சியம்மாவும் பேச்சை விட்டுவிட்டு, "இந்தா வந்துட்டேன்" என்று ஓர் எட்டு எடுத்து வைத்துவிட்டிருந்தார்.